மார்கழியில் ஓடும், சித்திரையில் நிற்கும்



திருச்சியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். கல்லூரியில் முதலாண்டு. கையில் நாற்பதாயிரம் ரூபாய். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வேண்டும், அதைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டி ஓவர்கிளாக் செய்தே தீர வேண்டும். "எந்த பிராசசர் வாங்கலாம் சார்?" என்று ஒரே கேள்வி. வாரம் தவறாமல் ஏதாவது ஓர் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. சலிப்பு வருவதில்லை. 1999இல் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி நானும் இதையேதான் கேட்டேன்.

அன்று எங்களுக்கெல்லாம் புதையல், இன்டெலின் செலரான் 300ஏ. 1998 ஆகஸ்டில் வந்தது. போர்டு தரும் பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், அதை 4.5ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 300. பெருக்கும் எண்ணைப் பூட்டிய இன்டெல், பஸ்ஸைப் பூட்டாமல் விட்டுவிட்டது. 66ஐ 100 ஆக்கினால் அதே சில்லு 450இல் ஓடும். அதே மாதம் வெளிவந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2இன் விலையோ நான்கு மடங்குக்கும் மேல். செலரானில் கேஷ் 128 கேபிதான். ஆனால் அது பிராசசரின் முழு வேகத்தில் ஓடியது; பென்டியத்தின் 512 கேபி பாதி வேகத்தில். அதனால் விளையாட்டுகளில் இரண்டும் தோளோடு தோள் நின்றன.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பிராசசரோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸைத் தந்தது 440பிஎக்ஸ் சிப்செட் போர்டு. அதற்கு ஈடுகொடுத்தது பிசி100 ரேம். நான் செலரானை வாங்கிய பெருமையில் போர்டில் காசை மிச்சம் பிடித்தேன். அது 66க்கு மேல் ஏறாத ரகம். ஊரெல்லாம் 450இல் ஓட, என் புதையல் ஒரு வருஷம் 300இலேயே கிடந்தது. பிறகு போர்டை மாற்றி, கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்து 450ஐப் பார்த்தேன்.

பஸ்ஸை ஏற்றும் அந்த வாசலை 2011இல் இன்டெல் சாத்திவிட்டது. எல்லாக் கடிகாரங்களையும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸில் கட்டிப்போட்டதால் பஸ்ஸை ஏற்றினால் மற்றவையும் சேர்ந்து தடுமாறின. பெயரில் 'கே' எழுத்து உள்ள விலைகூடிய பிராசசர்களுக்கு மட்டும் சாவி. ஏஎம்டி 2017இல் ரைசனோடு வந்தபோது பூட்டில்லாமல் வந்தது. பி350 போன்ற நடுத்தர போர்டிலேயே ஓவர்கிளாக் செய்யலாம் என்றது. ஏ320 போர்டில் மட்டும் முடியாது. இன்றும் அதே கதைதான்: பி450, பி550 சரி, ஏ520 வேண்டாம். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்றல்ல.

தம்பிக்கு நான் சொன்னது ரைசன் 5 5600. ஆறு கோர், 3.5 கிகாஹெர்ட்ஸ், தானாகவே 4.4 வரை ஏறும். இந்தத் 'தானாகவே'யில்தான் வினை இருக்கிறது. செலரானில் நமக்கு விட்டுவைத்த மிச்சத்தை இன்று கம்பெனியே எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஐம்பது விழுக்காடு எகிறிய காலம் போயிற்று. மல்லுக்கட்டினால் சில விழுக்காடு. 5600க்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டுக்குக் காசு மிஞ்சாவிட்டால் 5600ஜி. அதற்கு ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தீனி அந்த ரேம்தான். 3200 ரேம் வாங்கிவிட்டு பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்காமல், அது 2400இலோ 2666இலோ ஓடுவதே தெரியாமல் இருப்பவர்கள் நம் வாசகர்களிலேயே பலர். பைசா செலவில்லாத ஓவர்கிளாக் அது. இன்றைக்கே பாருங்கள்.

வெப்பத்துக்கு வருகிறேன். சில்லு தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு இருமடியாகவும் ஏறும். வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட 1.2 வோல்ட்டை 1.3 ஆக்கினீர்கள் என்றால், கணக்குப்படி வெப்பம் ஏறத்தாழ 29 விழுக்காடு கூடுகிறது. எந்த ஹீட்சிங்க்கும் அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. விமர்சகர்கள் பெரும்பாலும் 22, 23 டிகிரி ஏசி அறையில் அளக்கிறார்கள். நம் மொட்டைமாடிக்குக் கீழ் அறை மே மாத மதியத்தில் 38. அந்தப் பதினைந்து டிகிரியும் அப்படியே பிராசசர் தலையில் ஏறும். மார்கழி இரவில் ஆறு மணி நேரச் சோதனையில் தேறிய வேகம் சித்திரையில் நீலத்திரை காட்டுவது இதனால்தான். கூட வந்த கூலரோடு நிற்காமல் கோபுரம்போல நிற்கும் நல்ல கூலர் ஒன்று வாங்குங்கள்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை கேபினட்டோடு சும்மா தந்தால் வாங்காதீர்கள். ஒருமுறை 450 வாட் என்று எழுதியிருந்த ஒன்றை நம்பினேன். போகும்போது போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போயிற்று. பிறகுதான் லேபிளைப் படித்தேன். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது 12 வோல்ட்டில். அந்த வரிசையில் 16 ஆம்பியர் என்றிருந்தது. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். 450 பெட்டியின் மேல் மட்டும்தான் இருந்தது.

இதையெல்லாம் தம்பிக்கு எழுதிவிட்டு, வேகத்தை ஏற்றுவதற்கு முன் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள் என்றேன். சூடு குறைந்தால் இன்றைய ரைசன் தன் உச்ச வேகத்தில் தானே நீடித்து நிற்கும். அவர் மனம் கொஞ்சம் சுணங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஓவர்கிளாக் கேட்டவரிடம் இறக்கச் சொன்னால்?

போன வாரம் படம் அனுப்பியிருந்தார். பி550 போர்டு, 5600ஜி, இரண்டு ரேம். கேபினட்டின் பக்கத் தகடு சுவரில் சாய்ந்திருக்கிறது. மேசை விசிறி உள்ளே பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தூசி சேரும் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். தோளுக்குப் பின்னால் எட்டிப்பார்த்த என் மனைவி, "இது நம்ம பழைய வீட்ல எடுத்ததா?" என்றாள்.

அன்புடன்,
ஆசிரியர்