வரம்பை உயர்த்துதல் மருந்தாமோ?

இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணவர்க்குச் சர்வரின் வயிற்றுக்குள் என்ன அலுவல் என வினவுவார் உளர். தேர்வு முடிவும், கட்டணச் சீட்டும், நூலகப் பட்டியலும் இன்று அவ்வயிற்றினின்றே வரவேண்டியுள்ளன. அது மந்தங்கொண்டு கிடக்கும் நாளில் அல்லலுறுவார் யாமே ஆகலின், அதன் நோய்க்கு இடப்படும் மருந்தைப்பற்றிச் சிறிது கூற எமக்கும் உரிமை உண்டு.

வலையின் வழியே வரும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து வருவது. வந்த பொதியை, அதற்குரிய புரோகிராம் எடுத்துக்கொள்ளுமளவும் வைத்திருத்தற்கு இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல் ஓரிடம் ஒதுக்குகின்றது. அதனை இடையகம் என்ப. 1983-ல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தினின்று வெளிப்பட்ட 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் வகையில் இதற்கு எம்பஃப் எனப் பெயர். அதன் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டியில் இன்று ஓர் எம்பஃப் பொதுவாக 256 பைட்டு. பெரிய பொதிக்கு 2048 பைட்டுக் கொண்ட கிளஸ்டர். இவற்றின் தொகைக்கு வரம்பு உண்டு. வரம்பு முட்டியவுடன் புதுப்பொதி இடமின்றிக் கைவிடப்படும். புறத்தே நிற்பார்க்குச் சர்வர் இறந்ததுபோலத் தோன்றும். உள்ளே செயலி சும்மா இருத்தலுங் கூடும்.

இந்நிலையில் பலரும் செய்வது யாது? வரம்பெண்ணை இரட்டித்தல். லினக்ஸிலோ, நினைவகம் போதவில்லை, டிசிபி_மெம் என்னும் அளவைத் திருத்த எண்ணுக என்னும் பொருள்பட அறிவிப்பே எழும். இயந்திரமே சொல்லிற்றென்று உடனே திருத்துவர். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. டிசிபி_மெம் பக்கக் கணக்கு. நம் கணினிகளுட் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கம் 4096 பைட்டு. அதன் உடன்பிறப்பாகிய டிசிபி_ஆர்மெம் பைட்டுக் கணக்கு. இரண்டையும் ஒன்றென மயங்கி எழுதுவார்க்கு வரம்பு நாலாயிர மடங்காகிப் பின் வரம்பே இல்லையாகும்.

சிவகாசிப் பக்கத்தார்க்கு இதனை விளக்கல் எளிது. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வேறு. செலுத்தும் அறை வேறு. உலர்த்தும் மேடை வேறு. ஒவ்வோர் அறையிலும் இருக்கத்தக்க ஆட்களுக்கும் மருந்துக்கும் வெடிபொருள் விதிகள் வரம்பு கட்டியுள்ளன. செலுத்துவோர் கை தாழ்ந்தால் கலந்த மருந்து தேங்கும். அப்பொழுது அறிவுடைய போர்மேன் கலப்பதை நிறுத்துவானேயன்றி, அறையில் இன்னுங் கொஞ்சம் குவிக்கலாம் என்னான். 2012 செப்டம்பர் 5-ம் நாள் முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டபின், அவ்வரம்பைக் கூட்டித் தருக என்று கேட்க எம் பக்கத்தில் வாய் எளிதில் எழாது. சர்வர் நிரம்பினால் உயிர் போவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் இடுதல் எம் கருத்தன்று. தேக்கம் பிறக்கும் வழி ஒன்றே என்பதே எம் கருத்து.

ஆகவே முதற்கண் தேங்கிய இடத்தைக் காணவேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் நெட்ஸ்டாட் என்னும் ஏவலை எம் என்னுங் குறியோடு இட்டால், வழங்கிய எம்பஃப் எத்துணை, மறுத்தவை எத்துணை என்பன தோன்றும். லினக்ஸில் சாக்ஸ்டாட் என்னுங் கோப்பு இத்தகைய கணக்கே தரும். அடுத்து ஒவ்வோர் இணைப்பின் வரிசையையும் நோக்குக. பெறுவரிசை நீண்டிருப்பின், நம் புரோகிராம் வந்ததைப் படியாமல் உறங்குகின்றது. அனுப்புவரிசை நீண்டிருப்பின், நாம் விடுத்ததற்கு எதிர்ப்புறத்தினின்று ஒப்புதல் வந்து சேரவில்லை. குளோஸ்-வெயிட் என்னும் நிலையில் இணைப்புக்கள் குவிந்திருப்பின், எதிரி விடைபெற்றுப் போயினான். நம் புரோகிராமோ கதவை அடைக்காமல் நிற்கின்றது. இம்மூன்றனுள் முதலதற்கும் மூன்றாவதற்கும் வரம்புயர்த்தல் எவ்வாறு மருந்தாகும்? நோய் புரோகிராமில் உள்ளது.

இன்னொரு சோதனை யாம் பெரிதும் மதிப்பது. ஆரவாரம் ஓய்ந்த நள்ளிரவில் அதே எண்ணை மறுபடியும் பார்த்தல். கூட்டம் கலைந்தபின் எண் இறங்கினால், அது உண்மையான தேவை. இறங்காமல் நாள்தோறும் ஏறிக்கொண்டே போயின், எங்கோ ஒழுக்கு உளது. வலையட்டையின் டிரைவர் இடத்தை வாங்கித் திருப்பித் தராதிருத்தல் கூடும். ஒழுகும் சர்வருக்கு வரம்பை இரட்டித்தல், அது சாயும் நாளைத் தள்ளிவைப்பதே. இங்கே ஒரு நுட்பம் வேண்டும்: நெட்ஸ்டாட் காட்டும் மூன்றெண்ணில் முதலாவதே இப்பொழுது கையாளப்படுவது. இரண்டாவது, மறுபயனுக்கென எடுத்துவைத்த சேமிப்பு. அது பெருத்திருத்தல் கண்டு அஞ்சவேண்டா.

வரம்பை உயர்த்தவே கூடாதென்பார் கட்சியில் யாம் இல்லை. முடிவு வெளிவரும் காலையில் ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே வருவாராயின், இடம் வேண்டுவதே. மெமரியும் மிகுதியாக இருப்பின் தாராளமாக உயர்த்துக. ஆயினும் இடம் பெருகப் பெருக நலம் என்பதும் பொய். 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 400 கஜத் தொலைவில், வினாடிக்கு 32,000 பிட்டு ஓடிய செய்தி 40 பிட்டாகச் சுருங்கிற்று. வான் ஜேக்கப்சன் 1988-ல் வெளியிட்ட பரிகாரம், பொதி தொலைவதையே நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு அனுப்புவோனைத் தணியச் செய்வது. வழியிலுள்ள ரூட்டர்களில் மிகப் பெரிய இடையகம் வைத்தால் பொதி தொலையாது; அறிகுறி தாழ்த்து வரும்; செய்தி வரிசையிலேயே கிடந்து முதிரும். இக்கேட்டுக்கு ஜிம் கெட்டிஸ் 2010-ல் பஃபர்புளோட் எனப் பெயரிட்டார். இது சர்வரின் உள்ளறையன்று, வழித்துணை அறை எனினும், பெரிதே நன்று என்னும் எண்ணத்துக்கு மறுப்பாகும்.

எம் வேண்டுகோள் சிறிது. சர்வரைப் பேணுவோர் அவ்வெண்களை நண்பகலிலும் பின்னிரவு 2 மணிக்கும் நாள்தோறும் குறித்துவைப்பாராக. அதனைத் தானே செய்ய நான்கு வரிச் சிறு நிரல் போதும். முடிவு வெளிவரும் கிழமைக்கு ஒரு திங்கள் முன்னரேனும் அக்குறிப்புத் தொடங்குதல் வேண்டும். சாய்ந்த அன்று தொடங்குங் குறிப்பில் ஒப்பிட ஏதும் இராது.