பொலிவியாவின் தண்ணீரும் பாண்ட் துரையின் துப்பாக்கியும்

ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குக் காசு கொடுத்து உள்ளே போகிறவன் நியாயம் பேசக் கூடாது என்பார்கள். நாம் பேசத்தான் போகிறோம். 2008-ல் வெளிவந்த ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ வெறும் மோட்டார் துரத்தலோடு நிற்கவில்லை. பொலிவியாவின் தண்ணீரில் கை வைத்தது.

கிரீன் என்ற கனவான் இயற்கையைக் காக்கும் தர்மவான் வேஷத்தில், பாலைவனத்துக்கு அடியில் ரகசிய அணை கட்டித் தண்ணீரை அடைக்கிறான். பதவியிழந்த தளபதி ஒருவனை ஆட்சியில் ஏற்றி, நாட்டின் தண்ணீர் விநியோகத்தை இரட்டை விலைக்கு எழுதி வாங்கப் பார்க்கிறான். அமெரிக்க உளவு ஸ்தாபனம் இதற்குக் கண்ஜாடை காட்டுகிறது. அடேயப்பா, இவர்களுக்கு இத்தனை துணிச்சலா என்று நாமும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

நிமிர்ந்ததுதான் மிச்சம்!

நடந்த சரித்திரம் என்ன? 1999-ல் கோச்சபம்பா நகரத்தின் தண்ணீர், அமெரிக்காவின் பெக்டெல் கம்பெனிக்குப் பங்குள்ள ஒரு கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. உலக வங்கியின் நெருக்குதல் இதன் பின்னால் இருந்தது. பலருக்குக் கட்டணம் இரு மடங்கானது. ரகசிய அணை எதற்கு? ஒப்பந்தப் பத்திரமும் சர்க்கார் சட்டமும் போதுமே! 2000 ஜனவரியிலிருந்து தொழிலாளர்களும் விவசாயிகளும் தெருவில் இறங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி ஆஸ்கார் ஒலிவேரா. ஏப்ரலில் அவசர நிலை பிரகடனமாயிற்று. 17 வயதுப் பையன் ஒருவன் சுடப்பட்டு மாண்டான். மக்கள் கலையவில்லை. அதே மாதம் ஒப்பந்தம் ரத்தாயிற்று. நஷ்ட ஈடாக 2.5 கோடி டாலர் கேட்டு வழக்காடிய கம்பெனிக்காரர்கள், 2006-ல் பெயரளவுக்கு இரண்டே பொலிவியானோ பெற்றுக்கொண்டு ஒதுங்கினார்கள்.

இந்த மக்களுக்குப் படத்தில் கிடைத்த இடம், சொட்டுச் சொட்டாய் ஒழுகும் ஒரு குழாயடி. குடத்தோடு நிற்கிறார்கள், கோஷமில்லை, கோபமில்லை. அவர்களுக்காகக் கோபப்பட லண்டனிலிருந்து ஓர் ஒற்றன் வரவேண்டுமாம்! (பொலிவியா என்று காட்டப்படும் பாலைவனம்கூட, எல்லைக்கு அப்பால் சிலி நாட்டில் எடுத்தது.)

சண்டைக் காட்சிகளாவது உருப்படியா? முதல் மோட்டார் துரத்தலிலேயே யார் யாரை இடிக்கிறார் என்று விளங்குவதற்குள் காட்சி பத்துத் துண்டாகிவிடுகிறது. ‘கேசினோ ராயல்’ படத்தில் ரசித்தவற்றை இதில் தேடி ஏமாந்தோம்.

கதை ஏன் இப்படி அரைவேக்காடு? 2007 நவம்பரில் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள், தங்கள் உழைப்பு இணையத்திலும் டிவிடியிலும் விற்கும் பணத்தில் நியாயமான பங்கு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2008 பிப்ரவரி வரை அது நீடித்தது. படக்காரர்கள் காத்திருக்கவில்லை, ஜனவரியிலேயே படப்பிடிப்பைத் தொடங்கிவிட்டார்கள். நாயகன் டேனியல் கிரெய்க்கும் டைரக்டரும் தாங்களே காட்சிகளைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. தாம் எழுத்தாளரல்ல என்று கிரெய்க்கே பின்னாளில் சொல்லிவிட்டார். சுமார் 20 கோடி டாலர் கொட்டியவர்களுக்கு எழுதுகிறவனின் கூலிதான் கண்ணை உறுத்துகிறது போலும்!

கடைசியில் ஓட்டல் எரிகிறது. கிரீன் பாலைவனத்தில் விடப்படுகிறான். பாண்ட் தன் பழைய காதலியின் கணக்கைத் தீர்க்க ருஷ்யாவுக்குப் போய்விடுகிறான். சரி, அந்த அணை? அதைத் திறந்தது யார்? அந்தக் குழாயில் தண்ணீர் வந்ததா? 106 நிமிஷப் படத்தில் அதற்கு ஒரு நிமிஷம்கூட ஒதுக்கவில்லை.