தொழிலுக்கு வண்டியா, வண்டிக்குத் தொழிலா?

குடாநாட்டுத் தோட்டக்காரர் ஒருவருடைய நீரிறைக்கும் மோட்டார், வெங்காயம் காய் பிடிக்கும் வேளையில் பழுதாகிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். இறைப்புத் தவறினால் பயிர் வாடும். அவர் உடனே திருத்துநரை அழைக்கின்றார். திருத்துநரும் வருகின்றார், வேலையை முடிக்கின்றார், கூலியைச் சொல்கின்றார். அந்தக் கூலியினுள்ளே கைவேலைக்கு எவ்வளவு, அவர் ஏறிவந்த வண்டிக்கு எவ்வளவு என்று எவரும் பிரித்துக் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பல இடங்களில் வண்டியின் பங்கு கைவேலையின் பங்கை விஞ்சி நிற்பதைக் கண்டிருப்போம். ஆகவே, வீடு தேடி வந்து தொழில் செய்வோர் எந்த வண்டியில் வருகின்றனர் என்பது அவர்களுடைய சொந்த விடயமென்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

2009இல் போர் முடிந்த பின்னர் வடக்கிலே இத்தகைய தொழில்கள் பெருகியுள்ளன. மின்னிணைப்பு, நீர்க்குழாய், குளிரூட்டி, கூரைமேற் சூரிய மின்தகடு, மோட்டார்த் திருத்தம், கிணறு இறைத்துத் துப்புரவாக்கல் என்று பலவகை. கைத்திறனுள்ள இளைஞர் மோட்டார் சைக்கிளிலே தொடங்குகின்றார். பெயர் பரவுகின்றது. இரண்டு உதவியாளரைச் சேர்க்கின்றார். அப்பொழுது வண்டி வேண்டியதாகின்றது. இந்த இடத்திலேதான் எம்மவரிற் பலர் வழி தவறுகின்றனர். பெரிய வானொன்று அல்லது டபிள் கெப் ஒன்று லீசிங்கில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றது. அன்றிலிருந்து அவர் வாடிக்கையாளருக்கு உழைக்கின்றாரா, லீசிங் கம்பனிக்கு உழைக்கின்றாரா என்பது அவருக்கே விளங்காது போகின்றது.

கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் ஓடுகின்றார். ஆண்டிலே 300 நாள் வேலை. ஆகமொத்தம் 12,000 கிலோமீற்றர். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் பெரிய வண்டிக்கு 1,200 லீற்றர் வேண்டும். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் முச்சக்கர வண்டிக்கு 480 லீற்றர் போதும். மிச்சம் 720 லீற்றர். கணக்கின் வசதிக்காக லீற்றர் 300 ரூபா என்று கொண்டால் 2,16,000 ரூபா. இஃது எரிபொருள் மட்டுமே. ரயரின் விலை, காப்புறுதி, திருத்தச் செலவு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தவணைப் பணம் ஆகியவற்றை நாம் இன்னும் தொடவில்லை. தவணைக்கோ மழையும் தெரியாது வெயிலும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் மாரி பொழியும்பொழுது தோட்டத்தில் இறைப்பு நிற்கின்றது. மோட்டார்த் திருத்துநருக்கு அழைப்பும் குறைகின்றது. தவணை குறைவதில்லை. மூன்று தவணை தவறினால் வண்டியைத் தூக்க ஆள் வருகின்றது. வண்டியோடு தொழிலும் போய்விடுகின்றது.

அத்துணை பெரிய வண்டியிலே இவர்கள் எதை ஏற்றுகின்றனர்? ஆயுதப் பெட்டி ஒன்று, ஏணி ஒன்று, வயர்ச் சுருள், சில குழாய்கள், கழற்றிய மோட்டார் ஒன்று, உதவியாளர் ஒருவர். உதவியாளரின் நிறைதான் இவற்றுள் மிகப் பெரியது! பெருஞ்சுமை ஏற்றவேண்டிய நாள் மாதத்தில் ஒன்றோ இரண்டோ வரும். அந்த நாளுக்கு வாடகை வண்டி பிடிக்கலாம். எம்மூர்ச் சந்திகளில் அதற்குப் பஞ்சமில்லை. அன்றாடச் சுமைக்கு ஏற்ற வண்டியைச் சொந்தமாக வைத்துக்கொள். அபூர்வச் சுமைக்கு வாடகை கொடு என்பதே கணக்கறிந்தவர் கொள்ளும் முறை. எம்மவரோ அபூர்வச் சுமையை எண்ணி வண்டி வாங்கி, எஞ்சிய நாளெல்லாம் வெறுங் காற்றை ஏற்றித் திரிகின்றனர்.

இந்த விடயத்தில் ஜப்பானியரைப் பார்த்தல் தகும். செல்வத்திலும் மோட்டார்த் தொழிலிலும் உலகின் முன்வரிசையில் நிற்கும் அந்நாட்டில், சிறு வாகனத்துக்கென்று தனி வகுப்பொன்றை 1949ஆம் ஆண்டிலேயே சட்டத்தில் வகுத்தனர். இன்று அந்த ‘கெய்’ வகுப்பின் எல்லை 660 சீசீ இயந்திரம், 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம். சுமை வண்டியாயின் 350 கிலோ நிறை. அங்கே நெல் விளைவிக்கும் கமக்காரரும் குழாய் பொருத்துபவரும் இதிலேதான் போய்வருகின்றனர். எவரும் அதனை இழிவாக எண்ணுவதில்லை. எம் வீதிகளில் ஓடும் சுசுக்கி எவ்ரி இந்த வகுப்பைச் சேர்ந்ததே. இந்தியாவிலே 2005இல் ராட்டா நிறுவனம் ‘ஏஸ்’ என்னும் சிறு லொறியை இறக்கியது. 702 சீசீ, இரண்டே சிலிண்டர், முக்கால் தொன் சுமை. தமிழ்நாட்டார் அதற்குக் குட்டி யானை என்று பெயரிட்டனர். நாம் இங்கே விற்கப்பட்ட பெயரைச் சுருக்கிப் ‘பட்டா’ என்கின்றோம். எம்மூர்ச் சந்தைக்கு மரக்கறி கொண்டுசெல்லும் எவரிடமும் அதன் பெருமையைக் கேட்டறியலாம்.

எமது ஒழுங்கைகளையும் நினைத்துப் பார்க்கவேண்டும். இருபுறமும் கதியால் வேலி, நடுவே மணல், முடிவிலே படலை. பெரிய வான் நுழைந்தால் கண்ணாடி வேலியில் உரசும். எதிரே சைக்கிள் வந்தால் இருவருள் ஒருவர் பின்னே போகவேண்டும். திருப்புவதற்கு இடமில்லாமல் ஒழுங்கை முழுவதும் பின்பக்கமாகவே வரவேண்டும். முச்சக்கர வண்டி கிணற்றடிவரை போய்த் திரும்பிவிடும். ஒரு நாளில் ஐந்து வீட்டுக்குப் போகின்றவருக்கு இந்த நேரமும் பணமே.

இவ்வளவும் தெரிந்திருந்தும் பெரிய வண்டி வாங்குவதேன்? மதிப்பு என்கின்றனர். பெரிய வண்டியில் வந்தால் வாடிக்கையாளர் மதிப்பாராம். பெண் கொடுப்போரும் மதிப்பாராம். வெளிநாட்டிலுள்ள அண்ணன் முற்பணம் அனுப்புகின்றார். அனுப்பும்பொழுது, வாங்குவதை நல்லதாய் வாங்கு என்றும் சொல்லிவிடுகின்றார். தொண்ணூறுகளின் தடைக் காலத்தில் சில துளி பெற்றோல் ஊற்றி இயந்திரத்தைத் தொடக்கி, மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்கள் நாம். அந்தச் சிக்கனம் ஒரு தலைமுறைக்குள் எங்கே போயிற்று?

மதிப்பைவிட ஆபத்தான எண்ணம் இன்னொன்றுண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்களும் உளர். வண்டியும் நகையைப்போல் விலை ஏறும் சொத்து என்ற நம்பிக்கை அங்கே முளைத்தது. இறக்குமதி 2025 தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. தட்டுப்பாட்டினால் வந்த விலையைச் சொத்தின் பெறுமதி என்று நம்பிக் கடன் எடுப்பவர், ஓடஓடத் தேயும் இரும்புக்கு வட்டி கட்டுகின்றார்.

குற்றம் முழுவதையும் எம்மவர் தலையிற் சுமத்தவும் நாம் விரும்பவில்லை. கொழும்பில் வகுக்கப்பட்ட விதிகள் சிறு வண்டிக்காரரை எவ்வாறு நடத்தின என்பதைப் பாருங்கள். 2017 ஜனவரியில் வாகனக் கடனுக்கு எல்லை விதித்தபொழுது, வர்த்தக வாகனத்தின் பெறுமதியில் 90 சதவீதம்வரை கடன் தரலாம் என்றனர். முச்சக்கர வண்டிக்கோ 25 சதவீதம் மட்டுமே. வாடகை ஓட்டத்துக்கு இளைஞர் பெருந்தொகையாய்ப் போவதைத் தடுக்க வேண்டுமென்று நியாயம் கூறினர். அந்த நியாயத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஆயுதப் பெட்டியோடு போகும் மின்னிணைப்பாளரும் அதே வலையில் அகப்பட்டார். லொறிக்குப் பத்தில் ஒரு பங்கு கைப்பணம் போதும். முச்சக்கர வண்டிக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும் என்றால், கையில் காசில்லாதவன் எதை நாடுவான்? 2022இல் எரிபொருள் அட்டை வந்தபொழுதும் இதே கதை. தொடக்கத்தில் வாரத்துக்கு முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், வானுக்கு 20 லீற்றர். நாம் மேலே கண்ட கணக்கின்படி முன்னவர் 125 கிலோமீற்றர் ஓடலாம். பின்னவர் 200 கிலோமீற்றர். குறைவாக எரித்தவருக்குக் குறைந்த தூரமே கிடைத்தது! சிக்கனத்தைத் தண்டிக்கும் இத்தகைய விதி இனியொருமுறை வருமானால், எமது பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் வாய்திறக்கவேண்டும். இலட்சக்கணக்கான முச்சக்கர வண்டிகள் ஓடும் நாட்டில், அவற்றுள் தொழிற்கருவியாய் ஓடுவன எவை என்று பிரித்தறிவது இயலாத காரியமன்று.

எல்லாவற்றுக்கும் சிறு வண்டி போதுமென்று நாம் சொல்லவில்லை. குழாய்க்கிணறு துளைப்பவருக்கும் மலக்குழி இறைப்பவருக்கும் லொறியே வேண்டும். முச்சக்கர வண்டியின் கூரையில் நீண்ட குழாய்களைக் குவித்துக் கட்டி ஏ-9 வீதியில் வவுனியா செல்வது அறியாமை. சுமை மேலே ஏறஏற வண்டி கவிழும் தன்மையும் ஏறும். அத்தகைய ஓட்டத்துக்கு நான்கு சக்கரமுள்ள சிறு வானோ பட்டாவோ கொள்ளவேண்டும். இரண்டு மூன்று வண்டி வைத்திருப்போர் ஒரே இனத்து வண்டியாய்ப் பார்த்து வாங்கினால், உதிரிப்பாகம் ஒன்றுக்கொன்று உதவும். ஒன்று படுத்தாலும் மற்றவை ஓடும். ஒரே பெரிய வண்டியை நம்பியிருப்பவருக்கு அது படுத்த நாள் கடையடைப்பு நாள்.

கடனுக்கு லீசிங் கம்பனியைத் தவிர வேறு வழியில்லையா என்று கேட்கலாம். மூளாயிலே கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே நிறுவிக் காட்டிய சமூகம் இது. சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் எம் கிராமங்களில் வேரூன்றியவை. அங்கத்தவரான தொழிலாளருக்குச் சிறு வண்டி வாங்க, மாரி மாதங்களில் குறைந்த தவணையும் அறுவடைக்குப்பின் கூடிய தவணையுமாகக் கடன் வழங்க அவை முன்வரலாம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்று பொது லொறி ஒன்றை வைத்திருந்து, பெருஞ்சுமை நாளில் அங்கத்தவருக்கு வாடகைக்கு விடலாம். கூட்டுறவு, 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தினால் மாகாணத்துக்கு ஒதுக்கப்பட்ட விடயம். இதற்குக் கொழும்பின் அனுமதியை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. மாகாணக் கூட்டுறவுத் திணைக்களம் ஒரு பிரதேசத்திலாவது, வருகின்ற மாரிக்கு முன்னர், இதனைத் தொடங்கவேண்டுமென்று கேட்கின்றோம்.