வைக்கோல் கட்டும் முன் ரேக் ஓட்டலாமா? செலவுக்குத் தகுந்த பலன் கிடைக்குமா?

டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும் நெல்லுக்கு அடுத்த பேச்சு வைக்கோல்தான். அறுவடை இயந்திரம் வந்த பிறகு போர் போடும் அளவுக்கு ஆள் கிடைப்பதில்லை. அதனால் உருளைக் கட்டு போடும் பேலர் வந்தது. இப்போது பேலருக்கு முன்னால் ‘ரேக்’ ஓட்ட வேண்டுமா என்ற கேள்வி வருகிறது. சிதறிக் கிடக்கும் வைக்கோலைப் புரட்டி, ஒரே வரிசையாகக் கூட்டித் தரும் டிராக்டர் கருவி இது.

நடுவண் அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் மானியப் பட்டியலில் ரேக்கும் உண்டு. பொதுவாக 40 சதவீதமும், சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். தமிழ்நாட்டில் இதை நடத்துவது, சென்னை நந்தனத்தில் தலைமை அலுவலகம் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை. ஆனால் மானியம் இருக்கிறது என்பதற்காகவே வாங்கிவிட முடியாது.

பஞ்சாபில் ரேக் அதிகம் ஓடுகிறது. அங்கே அடித்தாளையும் வெட்டி வயல் முழுவதும் பரப்பிவிடுவதால், கூட்டாமல் பேலர் ஓட்ட முடியாது. அதில் பெரும்பகுதி எரிபொருளாகப் போகிறது. நம் வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. மண் கலந்தால் மாடு ஒதுக்கிவிடும், வியாபாரியும் விலையைக் குறைப்பார். ஈர வயலில் ரேக்கின் கம்பிகள் சேற்றையும் சேர்த்தே வாரும் என்பதை மறக்கக் கூடாது.

நம் பக்கம் அறுவடை இயந்திரம் வைக்கோலைத் தானே வரிசையாகத்தான் கொட்டிச் செல்கிறது. நல்ல வெயில் அடித்து, வரிசையின் அடியும் காய்ந்திருந்தால் பேலரே நேராக எடுத்துவிடும். அப்போது ரேக் வீண் செலவு.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. ஏக்கருக்கு 40 கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டு விலை 100 ரூபாய், கட்டுக்கூலி 40 ரூபாய் என்றால் கையில் நிற்பது 60 ரூபாய். ரேக் ஓட்ட ஏக்கருக்கு 600 ரூபாய் ஆனால், அதை ஈடுகட்டவே 10 கட்டு கூடுதலாக வர வேண்டும். காய்ந்த வயலில் ஓரத்துச் சிதறலைக் கூட்டி அத்தனை கட்டு தேறாது. உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: இரண்டு வரிசையை ஒன்றாகக் கூட்டினால் பேலருக்கு ஓட்டமும் டீசலும் மிச்சம். ஆனால் கூலி கட்டுக்கு இவ்வளவு என்றுதானே பேசுகிறோம்? அந்த மிச்சம் பேலர்காரருக்குப் போகிறது, நமக்கு அல்ல. ரேக் கூலியை நீங்கள் கொடுப்பதானால் கட்டுக்கூலியைக் குறைத்துப் பேசுவதுதான் நியாயம்.

மழை பெய்தால் கணக்கே வேறு. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் டெல்டாவில் பெய்த பருவம் தவறிய மழை பலருக்கு நினைவிருக்கும். வரிசை நனைந்தால் மேல்புறம் இரண்டு நாளில் காய்ந்துவிடும், அடி ஈரமாகவே இருக்கும். அப்படியே கட்டினால் கட்டுக்குள் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அங்கே ரேக் காப்பாற்றுவது பத்து கட்டை அல்ல, மொத்த வைக்கோலையும். மண் காலில் ஒட்டாத பதம் வந்ததும், கம்பிகள் தரையைச் சுரண்டாமல் சற்று உயர்த்தி வைத்து ஒருமுறை புரட்டினால் போதும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்றால் இரண்டு ஆள் கவைக்கோலால் உதறிவிடுவதே மலிவு.

கட்டும் முன் வரிசையின் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பாருங்கள். நொறுங்கி முறிந்தால் கட்டலாம். துவண்டு வளைந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஈரம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை, 20-ஐத் தாண்டினால் கெட்டுவிடும்.

நெல் தரிசில் உளுந்து தெளிப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தெளித்த விதை, வைக்கோல் கிடக்கும்போதே முளைத்திருக்கும். அறுவடை இயந்திரம் ஒருமுறை மிதித்தது போதாதென்று ரேக், பேலர், கட்டு ஏற்றும் டிராக்டர் என மூன்று முறை சக்கரம் ஏறினால் உளுந்து என்னாகும்? வரிசையை அப்படியே விட்டாலும் அடியில் இருக்கும் முளை வெளுத்துப் போகும். அத்தகைய வயலில் ரேக்கை விட்டுவிட்டு, வைக்கோல் காய்ந்ததும் பேலரை முதல் ஆளாக வரச் சொல்லுங்கள். வண்டி எல்லாம் அறுவடை இயந்திரம் போன தடத்திலேயே போகட்டும். கட்டுகளை வரப்போரம் வரை ஆள் வைத்து உருட்டிவிட்டால் ஏற்றும் டிராக்டர் வயலுக்குள் இறங்கவே வேண்டாம்.