பனிச்சறுக்கு கற்க எங்கே செல்வது?

கோலார் தங்க வயலில், மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் வீடு திரும்பும் இளைஞர்கள் ஏராளம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின்னர் எங்கள் ஊரின் பிழைப்பு பெரும்பாலும் அந்த ரயிலில்தான் ஓடுகிறது. அவர்களுட் சிலர் அண்மைக்காலமாக ஒரு புதிய விருப்பத்தைப் பேசத் தொடங்கியுள்ளனர்: பனிமலையைப் பார்த்து வருவது மட்டுமன்று, அதில் சறுக்கவும் கற்க வேண்டுமாம். பாட்டன்மார் பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே சுடும் வெக்கையில் உழைத்தவர்கள். பேரப்பிள்ளைகள் கடல்மட்டத்துக்கு மேலே 3 கிலோமீட்டர் உயரத்தில் உறைபனி மீது நிற்க ஆசைப்படுகின்றனர். இதனை ஆடம்பரம் எனக் கடிந்துகொள்ளும் பெரியவர்கள் ஊரில் உண்டு. நாங்கள் அவ்வாறு கருதவில்லை. ஆனால், ஓர் ஆண்டுச் சேமிப்பு கரையும் செலவு இது. அப்பணம் எதற்குச் செல்கிறது என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு.

பயண முகவர்கள் விற்கும் மணாலிச் சுற்றுலாவில் சோலங் பள்ளத்தாக்குக்கு ஒரு பகல் ஒதுக்கப்பட்டிருக்கும். வழியோரக் கடையில் கம்பளி அங்கியும் காலணியும் வாடகைக்கு எடுக்க வேண்டும். அங்கே சறுக்குப் பலகையை மணிக்கணக்கில் தருவார்கள். ஓர் இளைஞர் கையைப் பிடித்துச் சிறிது தூரம் இழுத்துச் செல்வார். புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம். மலிவாகத் தோன்றும் இந்த ஒரு மணி நேரமே உண்மையில் மிக விலை உயர்ந்தது என்போம். இறுக்கமான காலணியை அணிந்து பலகையில் பொருத்தவும், விழுந்தால் தானே எழவும் பழகுவதற்கே முதல் நாள் போய்விடும். பலகைகளின் முன்முனைகளைக் குவித்து, பின்முனைகளை அகற்றி, ஆப்பு வடிவில் நின்று வேகத்தைக் குறைப்பது அடுத்த பாடம். அது காலில் படிந்த பிறகே திரும்புதல் கைகூடும். ஒரு வாரமேனும் தங்காதவர் பனியைத் தொட்டவர் ஆவாரேயன்றி, சறுக்கக் கற்றவர் ஆகார்.

ஆகவே மலையைத் தேர்வதற்கு முன் ஆசிரியரைத் தேர்வதே முறை. இந்தியாவில் இதற்கு அரசு சார்ந்த பயிற்சி நிலையங்கள் உள்ளன என்பது நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. காஷ்மீரின் குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம், மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாய் பெயரிலான மலையேற்ற நிறுவனம், உத்தராகண்டின் ஔலியில் பயிற்சி வகுப்பு நடத்தும் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் ஆகியவை அவற்றுட் சில. தங்குமிடம், உணவு, பலகை, காலணி, பயிற்றுநர் அனைத்தையும் ஒரே கட்டணத்தில் அடக்கிய வகுப்புகள் இங்கே கிடைக்கின்றன. தனித்தனியே வாடகையும் கூலியும் கொடுத்துக் கூட்டிப் பார்ப்பவருக்கு வேறுபாடு விளங்கும். வயது வரம்பும் மருத்துவச் சான்றும் கேட்பதுண்டு. ஆதலால் சிறு குழந்தைகளோடு செல்லும் குடும்பத்துக்கு இது பொருந்தாமற் போகலாம்.

மலைகளுக்குள் எது என்று கேட்டால், முதன்முறை செல்பவருக்குக் குல்மார்க்கையே பரிந்துரைப்போம். இதனைச் சொன்னவுடன் பலர் அங்குள்ள கம்பிவட ஊர்தியை நினைத்து அஞ்சுவர். அதன் இரண்டாம் கட்டம் 4,000 மீட்டரை நெருங்கும் உயரத்தில் அபர்வத் மலைக்கு ஏறுவது. அங்கிருந்து இறங்கும் சரிவுகள் தேர்ந்தவர்க்கு உரியவை. 2023 பிப்ரவரியில் அம்மலையில் நேர்ந்த பனிச்சரிவில் வெளிநாட்டினர் இருவர் உயிரிழந்தனர். புதியவருக்கு அந்தச் சீட்டே வேண்டாம். சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளிதான் அவருக்கான பள்ளிக்கூடம். கோடையில் கோல்ஃப் ஆடும் அந்நிலம் குளிர்காலத்தில் மென்சரிவாக உறைந்துகிடக்கும். சீட்டுச் செலவும் மிச்சம்.

ஔலியின் சரிவும் அழகியது. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம். செலவில் குறைந்தது அதுவே என்று வாதிடுவோரை மறுக்க மாட்டோம். ஆயினும் 2023 ஜனவரியில் ஜோஷிமத்தில் நிலம் தாழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டன. அங்கிருந்து ஔலிக்குச் சென்ற கம்பிவட ஊர்தியும் நிறுத்தப்பட்டது. சுரங்கத்தில் பாறை வெடிக்கும்போதெல்லாம் வீட்டுச் சுவர் அதிர்ந்த நினைவு எங்கள் ஊரில் இன்னும் உண்டு. அம்மக்களின் கலக்கம் எங்களுக்குப் புரியும். ஔலி செல்வோர் சாலை வழியையும் அதற்கான நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எங்கே சென்றாலும் பனி நம் நாட்காட்டியைப் பார்த்துப் பெய்வதில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கே பனியின்றி வெறிச்சோடியது. 2025இல் அங்கு நடைபெறவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனி போதாமையால் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. கிறிஸ்துமஸ் விடுமுறையில் சென்று ஏமாறுவதினும், அறைக் கட்டணம் உச்சத்தில் இருக்கும் அந்நாட்களை விடுத்துப் பிப்ரவரியைக் குறிப்பது மேல். முன்பதிவை மாற்றவோ விலக்கிக்கொள்ளவோ இடமுண்டா என்பதைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். பயணக் காப்பீடு எடுப்போர், பனிச்சறுக்கு விலக்கப்பட்ட சாகச விளையாட்டுகளின் பட்டியலில் உள்ளதா எனவும் படித்துப் பாருங்கள். கால் முறிந்தபின் படிப்பதில் பயனில்லை.

இனிப் பணம். இத்தகைய பயணத்துக்குத் தனிநபர் கடன் வேண்டாம் என்பதே எம் கருத்து. ஒரு வங்கியின் இதழில் இதனை எழுதுவதில் எமக்குத் தயக்கமில்லை. பனி உருகிய பிறகும் தவணை உருகாது. மாதம் 2,000 ரூபாய் தொடர் வைப்பில் போட்டால் 24 மாதங்களில் முதல் மட்டுமே 48,000 ரூபாய், வட்டி தனி. பெங்களூரிலிருந்து தில்லிக்கு விமானத்தைத் தவிர்த்து ரயிலில் சென்றால் ஏறத்தாழ இரண்டு நாள் பிடிக்கும். தினமும் பல மணி நேரம் ரயிலிலேயே கழிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிதன்று. பயிற்சி நிலையங்களின் அவ்வாண்டுக் கட்டணத்தையும் தேதிகளையும் அவற்றின் அறிவிப்பிலேயே பார்த்து, வகுப்பில் இடம் உறுதியான பின்னரே பயணச்சீட்டு வாங்குங்கள். கையுறை மட்டும் சொந்தமாக இருக்கட்டும். வாடகைக் கையுறை பெரும்பாலும் முன்னவரின் ஈரத்தோடுதான் வரும்.