வந்து பார்த்ததற்கு ஒரு கூலி

ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி நெருங்கினால் என் போன் ஓயாது. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள் அது. பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளிருந்தும் தக்கலை மேட்டுக்கடைப் பக்கத்திலிருந்தும் கணக்கர்கள், மருந்து மொத்த வியாபாரிகள், பத்திர எழுத்தர்கள் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே புகார்தான்: "அண்ணே, நெட்டு ஸ்லோ. கெடந்து கறங்குது." கூடவே, "பெரிய பிளான் போட்டிருவமா?" என்றும் கேட்பார்கள்.

போடலாம். பிளானை உயர்த்தினால் இணையக் கம்பெனிக்கு லாபம். புது ரவுட்டர் விற்றால் எனக்கு லாபம். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துச் சொன்னால் மட்டும் எவருக்கும் பைசா கிடையாது. சிறிய அலுவலகங்களின் நெட்வொர்க் இந்த மாவட்டத்தில் இழைவதற்கு முதல் காரணம் இதுதான் என்பேன். கேபிளும் சுவிட்சும் அதற்குப் பிறகு.

கோட்டைக்குள் ஓர் ஓட்டு வீடு. முன்னறையில் வரிக் கணக்கர் இருக்கிறார். நடு அறையில் டேலியில் பதிவு போடும் பிள்ளைகள். 50 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்கியும் ஒன்றும் மாறவில்லை, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கணக்கர் கொதித்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பிள்ளைகளிடம் கேட்டேன்: எது மெதுவாக இருக்கிறது? யூடியூபா, அரசு இணையதளமா, டேலியா? "டேலிதான் அண்ணே. வவுச்சர் ஒண்ணு தொறந்தா ஒரு சாயா குடிச்சிட்டு வரலாம்."

பாதி விடை அதிலேயே வந்துவிட்டது. அந்த அலுவலகத்தின் டேலி கணக்கெல்லாம் முன்னறைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நடு அறைக் கம்ப்யூட்டர்கள் வீட்டுக்குள்ளேயே அதை எடுத்துத் திறக்கின்றன. அந்தப் போக்குவரத்து வாசற்படி தாண்டுவதே இல்லை. வெளியே போகிற லைன் 50 என்றாலும் 200 என்றாலும் அதற்கு ஒன்றுதான். கணக்கர் மாதாமாதம் கூடுதலாகக் கட்டிய பணம் முழுவதும் சம்பந்தமே இல்லாத ஒரு குழாயை அகலப்படுத்தப் போனது.

இந்த வித்தியாசத்தை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. வேகம் என்றால் எம்பிபிஎஸ் என்று விளம்பரங்கள் பழக்கிவிட்டன. எம்பிபிஎஸ் சொல்வது ஒரு நொடியில் எவ்வளவு அள்ளலாம் என்பதை. ஒரு தடவை போய்வர எவ்வளவு நேரம் என்பது வேறு கணக்கு. பகிர்ந்த கோப்பைத் திறக்கும் கணக்கு மென்பொருள் பெரிதாக ஒன்றும் அள்ளுவதில்லை. சின்னச் சின்னதாகக் கேட்டு, பதில் வாங்கி, மறுபடி கேட்கிறது. ஒரு பட்டியலைத் திறக்க ஆயிரம் தடவை போய்வர வேண்டியிருந்தால், ஒரு தடவைக்கு ஒரு மில்லிசெகண்ட் என்றால் மொத்தம் ஒரு நொடி. அதே ஒரு தடவைக்கு இருபது மில்லிசெகண்ட் என்றால் இருபது நொடி. சாயா ஆறிவிடும்.

போய்வரும் நேரத்தை அளக்கக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் பிங் என்ற கட்டளை இருக்கிறது. அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில், அங்கே நெட்வொர்க் மக்கர் செய்தபோது எழுதியது. நீர்மூழ்கியைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பார்களே, அந்தச் சத்தத்தின் பெயரையே வைத்தார். நாற்பது வருஷம் தாண்டியும் என் பையில் இருக்கும் எந்தக் கருவியையும்விட அதற்குத்தான் வேலை அதிகம். நடு அறையிலிருந்து பிங் போட்டால் முன்னறை ரவுட்டரிலிருந்து ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் பதில் வர வேண்டும். இங்கே ஒன்று உடனே வரும், அடுத்தது நூறைத் தாண்டும், இடையில் ஒன்று வராமலே போகும்.

காரணம் சுவர். கோட்டைக்குள் இருக்கும் பழைய வீடுகளின் சுவர் செங்கல்லைக் குத்தவைத்துக் கட்டியதல்ல; கல்லும் சுண்ணாம்புமாக ஒரு முழ அகலம். அதைத் துளைத்து வைஃபை போவது பெரும்பாடு. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் சுவரிலேயே முக்கால்வாசி மடங்கிவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் ஊடுருவும், ஆனால் அங்கே அடுத்த வீட்டு ரவுட்டர், எதிர்வீட்டு ரவுட்டர் எல்லாம் அதே சேனலில் கத்திக்கொண்டிருக்கும். ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என மூன்றே மூன்று. சிக்னல் கோடு முழுசாகத்தானே காட்டுகிறது என்பார்கள். அது எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதைத்தான் காட்டும். புரிகிறதா என்பதைக் காட்டாது.

நடு அறையில் கேபிள் போட்ட கம்ப்யூட்டரும் ஒன்று இருந்தது. அதுவும் மெதுவுதான். விண்டோஸில் நெட்வொர்க் விவரத்தைத் திறந்தால் இணைப்பின் வேகம் என்று ஒரு வரி இருக்கும். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தது. லான் கேபிளுக்குள் எட்டு இழை, நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். 1999இல் வந்த ஜிகாபிட் முறைக்கு நீலமும் பிரவுனும் சேர்ந்து எட்டும் வேண்டும். ஒரே ஒரு பிரவுன் இழை அறுந்தாலும் இரு முனையும் பேசி முடித்து 100க்கு இறங்கிக்கொள்ளும். விளக்கு பச்சையாகத்தான் எரியும், எச்சரிக்கை எதுவும் வராது. 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டினவர் அந்தக் கம்ப்யூட்டரில் 95க்கு மேல் பார்க்கவே போவதில்லை.

மச்சில் ஏறிப் பார்த்தால் அறுந்த இழை இல்லை, அதைவிடச் சுவாரசியமானது. யாரோ ஒரு பழைய வயர்மேன் ஒரே கேபிளில் நான்கு இழையை கம்ப்யூட்டருக்கும் மிச்ச நான்கை பிரிண்டருக்குமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் அது புத்திசாலித்தனம், கேபிள் மிச்சம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல வேண்டியது இப்போது மலிவாக வரும் அலுமினியக் கேபிளை. மேலே தாமிரப் பூச்சு, உள்ளே அலுமினியம். பிளேடால் இழையைச் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும். சுருளைத் தூக்கினாலே கனம் குறைவாக இருக்கும். தரவிதிப்படி லான் கேபிள் என்றால் முழுத் தாமிரம்தான். அலுமினிய இழை இரண்டு தடவை மடங்கினால் ஒடிந்துபோகும். மச்சில் மரநாய் ஓடுகிற வீட்டில் எத்தனை நாள் தாங்கும்?

எலியும் மரநாயும் போக, இடி வேறு. இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் இது. ஐப்பசி சாயங்காலம் வேளிமலைப் பக்கம் கறுத்தால் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும் என்று சொல்லிக் களைத்துவிட்டேன். முழுதாகச் செத்த சுவிட்ச் நல்ல சுவிட்ச், மாற்றிவிடலாம். பாதி செத்ததுதான் கொடுமை. விளக்கு மினுங்கும், சில பாக்கெட்டுகளை மட்டும் தின்னும். கார்த்திகையில் வரும் புகார்களில் கணிசமானவை இந்த வகை.

மத்தியானம் மட்டும் இழையும் அலுவலகங்களும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் எல்லாருடைய போனும் வைஃபையில் உட்கார்ந்து, கல்யாண வீட்டுப் படங்களை மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். மேலே போகிற வழி அடைத்தால், கீழே வருவதும் நிற்கும். ஏனென்றால் 'வந்து சேர்ந்தது' என்ற சின்னப் பதில்களும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். பெல் ஆய்வகத்தில் இருந்த ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் தன் வீட்டிலேயே இந்தத் தொல்லையைத் துரத்திக்கொண்டு போனார். நினைவகச் சில்லு மலிந்துவிட்டதால் மோடம் செய்கிறவர்கள் காத்திருப்பு வரிசையை அளவில்லாமல் நீட்டிவிட்டார்கள், பாக்கெட் தொலையாது, ஆனால் நொடிக்கணக்கில் நிற்கும் என்று கண்டார். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் அந்த வரிசையை ஒழுங்குபடுத்த ஒரு வழி கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்தது இன்று சில ரவுட்டர்களில் வருகிறது. அது இல்லாத இடத்தில் போன்களின் படச் சேமிப்பை ராத்திரிக்கு மாற்றச் சொல்லுவேன். செலவு பூஜ்ஜியம். எனக்கு வருமானமும் பூஜ்ஜியம்.

பழைய ஹார்ட் டிஸ்க் சுழலும் கம்ப்யூட்டரில் நெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, எஸ்எஸ்டி போட்டால் தீரும். கடைசி நாள் அன்று அரசு இணையதளமே திணறினால் அதற்கு நானும் ஒன்றும் செய்ய முடியாது. பதினெட்டாம் தேதியே முடியுங்கள் என்பேன்.

ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கலாம் என்றால் அங்கே ஒரு முட்டுக்கட்டை. எங்கள் ஊர் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். 1956இல் இந்த மாவட்டம் இந்தப் பக்கம் வந்த பிறகும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. பல அலுவலகங்களில் ரவுட்டரும் அப்படித்தான்: பெட்டி நம் சுவரில், அட்மின் பாஸ்வேர்ட் கம்பெனியிடம். அரண்மனையையாவது அவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும். அரை நாள் கழித்து நான் சொல்வது, 'இந்த வைஃபை வேண்டாம், நடு அறைக்கு நல்ல கேபிள் இரண்டு இழுங்கள், பிளானை மறுபடி 50க்கே இறக்குங்கள்' என்பதாக இருக்கும். அப்போது வரும் கேள்வி: "நீரு வந்து பாத்தீரு. ஒரு சாமானும் மாத்தல்ல. பின்ன எதுக்கு அஞ்சூறு ரூவா?"

இந்தக் கேள்வி இருக்கிறவரை இந்தத் தொழிலில் யாரும் பார்க்க மாட்டார்கள், விற்பார்கள். பெட்டியில் கிடைக்கும் லாபத்தில்தான் தொழிலாளி கூலியைத் தேட வேண்டும் என்றால், ஒவ்வொரு நோய்க்கும் மருந்து ஒரு பெட்டியாகத்தான் இருக்கும். இங்கே பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. வேலை கேட்டு என் கடைக்கு வரும் பிள்ளைகளில் பலர் நெட்வொர்க்கின் ஏழு அடுக்கையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இழைகளை வரிசைப்படுத்தி ஒரு முனையைக் கிரிம்ப் செய்யச் சொன்னால் விழிப்பார்கள். கற்றுக்கொடுக்கலாம். ஆனால் கூலி கிடைக்காத ஒரு வேலையை எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பார்ப்பதற்கே கூலி என்றால் பார்த்துக்கொண்டே இருப்பார்களே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நியாயமான பயம். அதனால் நேரத்துக்குக் கூலி கேட்கக் கூடாது, தாளுக்குக் கேட்க வேண்டும். அந்தத் தாளில் மூன்று அளவு இருந்தால் போதும். ஃபைபர் பெட்டியில் லேப்டாப்பை நேரடியாகக் கேபிளில் சொருகினால் வரும் வேகம். ஒவ்வொரு மேஜையிலிருந்தும் ரவுட்டருக்குப் போய்வரும் நேரம். ஒவ்வொரு கேபிளும் 1000இல் இணைகிறதா, 100இலா என்பது. வேலைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. முதல் அளவே குறைவாக இருந்தால் தப்பு கம்பெனியுடையது, அந்தத் தாளைக் காட்டிச் சண்டை போடலாம். பெரிய பிளான் உண்மையிலேயே தேவைப்படும் அலுவலகமும் அப்போதுதான் தெரியும்.

தனியாரோடு இது முடியவில்லை. 2022இல் தமிழ்நாட்டில் பாரத்நெட் இரண்டாம் கட்டப் பணி தொடங்கியது இங்கே பக்கத்தில், முத்தலக்குறிச்சி ஊராட்சியில். 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 1 ஜிபிபிஎஸ் என்பது திட்டம். நல்ல திட்டம். ஆனால் அந்த 1 ஜிபிபிஎஸ் அலுவலகத்துக்குள் நுழைந்து ஒரு பிரவுன் இழை அறுந்த கேபிளைச் சந்தித்தால் அங்கேயே பத்தில் ஒரு பங்காகிவிடும். பட்டா நகலுக்கும் சான்றிதழுக்கும் வந்து வரிசையில் நிற்பவருக்குத் தெரிவது 'சர்வர் டவுன்' என்ற பதில் மட்டும். அரசு அலுவலகப் பராமரிப்பு ஒப்பந்தம் எதுவானாலும் அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: வருஷத்துக்கு இரண்டு தடவை, ஒன்று ஐப்பசி இடி ஓய்ந்த பிறகு, உள் இணைப்புகளை அளந்து தாள் கொடுக்க வேண்டும், எந்தச் சாமானும் மாற்றாவிட்டாலும் அதற்குப் பணம் உண்டு. கிராமத்துக்குக் கண்ணாடி இழை இழுக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது கணக்கிலேயே வராது.

அந்த ஓட்டு வீட்டுக் கணக்கர் கடைசியில் அஞ்சூறைக் கொடுத்துவிட்டார். டேலி சட்டென்று திறக்கிறது, பிளானும் இறங்கிவிட்டது. ஆனால் பில்லில் கேபிள் என்றே எழுதித் தரச் சொன்னார்: "வந்து பார்த்த கூலின்னு எழுதினா, எந்தத் தலைப்புல போடதுக்கு?" நான் சம்மதிக்கவில்லை. டேலியில் புது லெட்ஜர் ஒன்று தொடங்க அரை நிமிஷம்கூட ஆகாது.