கணக்குச் சரிதானா?

சம்பள நாளன்று மாலையில் அம்மா சம்பளத் துண்டை என் கையிலே தருவார். பதுளைக்கு அண்மையில் ஒரு தோட்டத்து லயத்திலே எங்கள் வீடு. வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் கதவின் பின்புறத்தில் அம்மா ஒரு கரிக்கோடு இட்டிருப்பார். கோடுகளையும் துண்டையும் ஒத்துப் பார்ப்பது என் கடமை. ஒரு மாதம் இரண்டு ‘பேர்’ குறைந்திருந்தது. கேட்கப் போன அம்மாவுக்கு, “ஐந்தாறு துண்டுகளைப் பார்த்துவிட்டோம், எல்லாம் சரி” என்ற விடையே கிடைத்தது.

ஐந்தாறு சரியாயிருந்தால் அனைத்தும் சரியாகிவிடுமா? இவ்வினாவையே தம் ஆராய்ச்சியாகக் கொண்ட ஓர் அறிஞரை இவ்வாரம் நேயர்களுக்கு அறிமுகப்படுத்த விழைகிறேன். அவர் பெயர் நடராஜன் சங்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1986இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர்.

கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைக் கோவையை நிரல் என்பர். அதனைச் சில எடுத்துக்காட்டுகளால் சோதித்து, சரியென்று கொள்வதே பொது வழக்கம். 1996 ஜூன் 4ஆந் தேதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட், புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் சிதறிப் போயிற்று. முந்திய ராக்கெட்டிலே குறையின்றி இயங்கிய நிரற்பகுதியே அதிலும் இருந்தது. ஆனால் புதிய ராக்கெட்டின் வேகத்தால் எழுந்த ஓர் எண், அதற்கென ஒதுக்கிய சிறிய இடத்தில் அடங்கவில்லை.

சோதனைக்கு அப்பால் வேறொரு வழி உண்டு. அதுவே நிறுவல். முதல் நாட் கணக்குச் சரி. எந்த நாள் வரை சரியாயினும் அதன் மறுநாளும் சரியாகவே வரும். இவ்விரண்டையும் நிறுவிவிட்டால் முப்பது நாளென்ன, மூவாயிரம் நாளென்ன, ஒவ்வொன்றாய்க் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. உயர்தர வகுப்பில் நாம் கற்பிக்கும் தொகுத்தறிவு முறை இதுதான்.

இதற்கு வாய்ப்பானது சார்பு முறை நிரலாக்கம். சாதாரண நிரலில், எழுதிய எண்ணை இடையில் அழித்து வேறெண் எழுதலாம். சார்பு முறையிலோ அழிறப்பருக்கு இடமில்லை. அதே கொழுந்தை இட்டால் தராசு என்றும் அதே நிறையைக் காட்டுவது போல, அதே உள்ளீட்டுக்கு அதே விடைதான். இம்முறைக்கு வேராகிய லம்டா கணிதத்தில், எவ்வழியாற் சுருக்கினாலும் இறுதி விடை ஒன்றே என்னும் தேற்றம் உண்டு. அதன் நிறுவலைப் படிப்படியாகக் கணினியைக் கொண்டே சரிபார்த்தவர் சங்கர். கேடல் 1931இல் வெளியிட்ட புகழ்பெற்ற தேற்றத்தையும் அவ்வாறே சரிபார்த்தார்.

பின்னர் கலிபோர்னியாவில் சாம் ஓவர், ஜோன் ரஷ்பி ஆகியோருடன் பீ.வி.எஸ். என்னும் நிறுவற் கருவியை உருவாக்கினார். வானில் விமானங்கள் ஒன்றையொன்று நெருங்காதிருக்க வழி காணும் முறைகளை நாசா நிறுவனம் இக்கருவியால் ஆராய்ந்துள்ளது. இதற்காக மூவருக்கும் 2012இல் சர்வதேசப் பரிசொன்றும் கிடைத்தது.

இன்று மின்தராசு வந்துவிட்ட தோட்டங்களும் உண்டு. பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் பிள்ளைகள் கணினி கற்கையில், “இது இயங்குகிறதா?” என்பதோடு நில்லாது, “இது எப்போதும் சரியென்று எப்படி அறிவாய்?” என்றும் கேளுங்கள், பெற்றோரே.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. விதித்தபடி கணக்கு நடந்தது என்பதையே நிறுவல் காட்டும். கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்னும் விதி நீதியானதா என்பதை எந்தக் கருவியும் கூறாது. அதனை மனிதர்தாம் கேட்க வேண்டும்.

அம்மாவின் அந்த இரண்டு ‘பேர்’ பின்னரும் வந்து சேரவில்லை. ஆயினும் அடுத்த மாதமும் அவர் கரிக்கோடு இடத் தவறவில்லை.